மூன்று வாரம் நன்றாக வந்தது

வீடுகள் இருக்கும் மவுன்ட் ராஸ்கில்லிலிருந்து தொழிற்சாலை இருக்கும் ஈஸ்ட் டாமாக்கி வரைக்கும் ஒருநாள் எல்லா சிக்னலும் பச்சையாகவே விழுந்தது. மோட்டார்வேயிலும் நெரிசல் இல்லை. நான் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு முன்னாலும் பின்னாலும் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு ஸ்கூல் லீவாம்மா?"

"இல்ல சார்."

"எங்கயாவது ரோட்டை மூடிட்டானா? பின்னாடி வண்டியே காணும்."

"சீக்கிரம் வந்துட்டோம் சார், அவ்வளவுதான்."

"தினமும் இதே நேரத்துக்குத்தான் கிளம்பறோம்."

பார்க்கிங்கில் இறங்கியவர் உடனே உள்ளே வரவில்லை. போனை எடுத்துப் போக்குவரத்துச் செய்திகளைத் தேடிக்கொண்டு நின்றார். மதியம் சாப்பாட்டு டப்பாவுடன் என் மேசைக்கு வந்து, "ஒண்ணும் கிடைக்கலம்மா," என்றார். வழி சுமுகமாக இருந்ததற்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய புகார்.

கெட்டது நடந்தால் அவர் நிம்மதியாக இருப்பார். ஒருமுறை கம்ப்ரஸர் வெடித்து வேலை முழுக்க நின்றது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாயில் ஏதோ ஒரு பழைய மெட்டோடு வால்வைக் கழற்றினார். காரணம் அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பழுதான பொருள் அவரைத் தூங்கவிடும். நன்றாக வந்த பொருள்தான் அவரை எழுப்பிவிடும்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. பண்ணைகளில் மாடுகள் வெளியே போகாமலிருக்க மின்வேலி போடுவார்களே, அதற்கு ஷாக் அனுப்பும் பெட்டிக்குள் இருக்கும் பவர் மாட்யூலைச் செய்துகொண்டிருந்தோம். சில்லு வெளியிலிருந்து வரும். அதைத் தகட்டில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் தைத்து, மூடி போட்டு, சோதித்து அனுப்புவது எங்கள் வேலை. நான் சோதனைப் பிரிவின் பொறுப்பாளர். அவர் தரக் கட்டுப்பாடு. காகிதத்தில் அவர் எனக்குக் கீழே. எனக்கு இருபத்தெட்டு, அவருக்கு அறுபத்து மூன்று. எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்த இடத்தில் அவர் பெயரை முதல் இரண்டு எழுத்தோடு வெட்டி வைத்திருந்தார்கள். நான் மட்டும் சார் என்றேன். அவர் ஒருநாளும் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்க முனைந்ததில்லை. அதற்கு அவருக்கு நேரமும் இல்லை. எப்போதும் எதையாவது தேடிக்கொண்டிருந்தார்.

சோதனை அறையில் இரும்பு அலமாரி ஒன்று இருந்தது. மற்றத் தொழிற்சாலைகளில் அந்த மாதிரி அலமாரியில் பழுதானவற்றை வைப்பார்கள். இவர் அளவுக்கு மீறி நன்றாக வந்தவற்றை அதில் வைத்தார். ஒரு மாட்யூல் மற்றவற்றைவிடக் குறைவாகச் சூடானால், மின்கசிவு எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லையென்றால், அதை எடுத்துத் தனியே வைத்துவிடுவார். சோதனை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த மன்னார்க்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுபவர், அதற்கு ஐயாவின் மறியல் என்று பெயர் வைத்திருந்தார்; அவர் ஊர்ப் பேச்சில் மறியல் என்றால் சிறை.

"தங்கச்சி, இண்டைக்கும் ரெண்டு பேரை மறியலுக்க போட்டிட்டார்," என்பார் என்னிடம். "என்ன குற்றம் எண்டு கேட்டால், ஒழுங்கா நடந்ததாம்."

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள சாரோடு காரில் ஒரு வாரம் போய்வந்தால் போதும். எல்லாம் அம்பத்தூரிலிருந்து வந்தது.

அறுபதுகளின் கடைசியில், அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பிய ஒருவர் அம்பத்தூரில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து டிரான்சிஸ்டர் செய்ய ஆரம்பித்தார். அதற்குமுன் அது பிஸ்கட் கிடங்கு. எறும்பை ஒழிக்கவே ஒரு வருடம் ஆனதாம். முதலில் ஜப்பானிலிருந்து சில்லை வாங்கி, மூன்று கால் வைத்து, குட்டித் தகரத் தொப்பி போட்டு ரேடியோக்காரர்களுக்கு விற்றார்கள். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கம்பி தைத்தார்கள். பிறகு இறக்குமதி லைசென்ஸில் இழுபறி வந்தது. வாங்கினால்தானே வம்பு, சிலிக்கானை நாமே சமைப்போம் என்று முதலாளி உலை வாங்கினார். அந்த உலை அறைக்குத்தான் இவர் இளம் எஞ்சினியராகப் போய்ச் சேர்ந்தார்.

சமைத்ததில் பத்துக்கு இரண்டு தேறும், அதிர்ஷ்டமிருந்தால் மூன்று. தேறாததைக்கூடக் குப்பையில் போடமாட்டார்கள். பொம்மை ரேடியோ செய்பவர்கள் வந்து எடைக்கு வாங்கிப் போவார்களாம். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அப்படித்தான், யாரும் அதற்காக வெட்கப்படவில்லை என்பார். ஆனால் ஓர் ஐப்பசியில் திடீரென்று பத்துக்கு எட்டு, ஒன்பது என்று தேற ஆரம்பித்தது. மூன்று வாரம். முதலாளி ஜாங்கிரி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். பெரிய ரேடியோ கம்பெனி ஒன்றின் ஆர்டரைப் பிடித்தார். அதை நம்பி வங்கியில் கடன் வாங்கி இரண்டாவது உலை போட்டார். நான்காவது வாரம் மறுபடியும் பத்துக்கு இரண்டு. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி இருந்தவரை பத்துக்கு இரண்டுதான். அது ரொம்ப நாள் இருக்கவில்லை.

"முதலாளி தினமும் காலைல வந்து கேப்பார்," என்றார் சார் ஒருநாள், மழையில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தபோது. "என்னப்பா மாத்தினே? ஒண்ணும் மாத்தல சார். நிஜமா ஒண்ணும் மாத்தலம்மா. நல்லா வந்தப்பவும் மாத்தல, போனப்பவும் மாத்தல. அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்து போச்சு. முதலாளி எதிர்ல நிக்க முடியாது. நீயெல்லாம் எதுக்கு எஞ்சினியர்னு அவர் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா பரவாயில்ல."

அதற்கப்புறம் அவர் வேறு ஆறேழு இடங்களில் வேலை பார்த்தார். நாடு மாறினார். ஆனாலும் அந்த மூன்று வாரத்தை விடவில்லை. அதற்கு அவரிடம் பல காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் கட்டி எழுப்பி, கொஞ்ச நாள் அதில் குடியிருந்து, பிறகு தானே இடித்துவிடுவார். பக்கத்து எண்ணெய் மில்லில் அப்போது வேலைநிறுத்தம், காற்றில் எண்ணெய்ப் புகை இல்லை. ஆனால் இங்கே தேறுவது குறைந்த பிறகும் அங்கே வேலைநிறுத்தம் ஒரு வாரம் நீடித்தது. ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவியிருந்தது, ஒருவர் தொட்டதை ஒருவர் தொடவில்லை, அதனால் கை வியர்வையின் உப்பு சில்லில் படவில்லை. இதில் அவர் நெடுநாள் குடியிருந்தார். ஆனால் அடுத்த முறை மெட்ராஸ் ஐ வந்தபோது ஒன்றும் உயரவில்லை. கிணற்றுநீர் வற்றி லாரித் தண்ணீர் வந்ததோ என்பது அவருடைய கடைசிக் கட்சி. ஐப்பசியில் கிணறு எப்படி வற்றும் என்று நான் கேட்டுவிட்டேன். மோட்டார்வேயை விட்டு இறங்கும் ஹைப்ரூக் வரைக்கும் அவர் பேசவில்லை.

அவர் மனைவிக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்த மூன்று வாரமும் முதலாளியின் மச்சான் லீவில் போயிருப்பார் என்பார் அவர்.

அந்த அம்மாள் த்ரீ கிங்ஸில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பேக்கரிப் பகுதியில் வேலை செய்தார். வலைத் தொப்பியும் ஏப்ரனுமாக நின்று, வரிசையில் எத்தனை பேர் இருந்தாலும் தமிழ் முகத்தைக் கண்டால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் ரொட்டியைப் பையில் போடுவார். கல்யாணம் ஆகும்போது அந்தக் கம்பெனி மூடிவிட்டதாம். "மத்தவங்க அப்பாவுக்குத் திவசம் குடுப்பாங்க. இவர் கம்பெனிக்குக் குடுக்கறார், வருஷா வருஷம் ஐப்பசில," என்று என்னிடம் முதல் சந்திப்பிலேயே சொன்னார். சார் பக்கத்திலேயே நின்று, அது நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார்.

அந்த அம்மாளுக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. கோடையின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். குளிர்காலம் முழுக்க மருந்து ஏற்றினார்கள். சாருக்கு அந்த மாதங்களில் ஒரு நிதானம் இருந்ததை நான் கவனித்தேன். ஆஸ்பத்திரிக்கு எந்தக் கதவு வழியாகப் போனால் பார்க்கிங் கிடைக்கும், எந்த நர்ஸ் ஊசியை வலிக்காமல் போடுவார் என்பதெல்லாம் அத்துப்படி. நோய் என்பது அவருக்குத் தெரிந்த வகையான எதிரி. கட்டி மேற்கொண்டு வளராமல் நின்றால் நல்லது, அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாரும் எதிர்பார்க்கவில்லை.

வசந்தத்தில் எடுத்த ஸ்கேனில் கட்டி கிட்டத்தட்ட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பழங்கள் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மாள் கதவைத் திறந்து, என்னை உட்காரச் சொல்வதற்குமுன்பே ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. நான் அழறேன். உங்க சார் என்ன கேட்டார் தெரியுமா? இது இவளோட ஸ்கேன்தானான்னு கேட்டார்."

"பேர் மாறியிருக்கலாம்ல," என்றார் அவர் ஜன்னலோரத்திலிருந்து. உட்காரவில்லை. திரைச்சீலையின் ஓரத்தைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். "அம்பத்தூர்ல ட்ரே மாறி ஒரு தடவை..."

"நான் ட்ரே இல்ல."

சார் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனார். அம்மாள் குரலைத் தணித்தார்.

"அந்த டாக்டரம்மா அசந்து போயிட்டாங்க. திருப்பிப் பாத்துட்டு, உங்க மனைவியோடதுதான், சில பேருக்கு மருந்து இப்படிக் கேக்கும்னாங்க. உடனே, சில பேருக்குன்னா யாருக்குன்னு இவர் கேக்கறார். தெரியாதுன்னு சொன்னாங்க. அதுலேர்ந்து வீட்ல இருக்க முடியல கண்ணு."

முடியவில்லை என்பதன் விவரத்தைப் பிறகு கேட்டுக்கொண்டேன். எது குணப்படுத்தியது என்று தெரியாததால் அவர் எதையும் மாற்ற விடவில்லை. அந்த மாதங்களில் கட்டில் ஜன்னல் பக்கம் போடப்பட்டிருந்தது. அது அங்கேயே இருக்கவேண்டும். ஓட்ஸ் அதே பிராண்ட். பேக்கரியில் அரை நாள் வேலை அரை நாளாகவே இருக்கவேண்டும். மாலை நடை அதே தெருக்களில், அதே திசையில். ஒருநாள் அம்மாள் எதிர்ப்பக்கமாகத் திரும்பியபோது முழங்கையைப் பிடித்து நிறுத்தினாராம். உலை அறையில் ஒருவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டார்.

அம்மாள் ஊருக்குப் போக நினைத்தார். சென்னையில் அவருடைய அக்கா இருந்தார். ஆறு வாரம் அங்கே இருந்து, கடைகளில் சுற்றி, சொந்தக்காரர்கள் வீடுகளில் சாப்பிட்டு, அக்காவோடு பழைய சண்டைகளைப் புதுப்பித்துவிட்டு வரவேண்டும். சார் முடியாது என்றார். தண்ணீர் மாறும், சாப்பாடு மாறும், தூக்கம் மாறும். மூன்று மாதம் கழித்து அடுத்த ஸ்கேன். அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

"அந்த ஸ்கேன்ல வந்துடுச்சுன்னா?" என்று அம்மாள் கேட்டது என் காதிலேயே விழுந்தது. காப்பி டம்ளர் என் கையில் இருந்தது. "நல்லா இருக்கறப்ப போகாம, நல்லா இல்லாதப்பதான் ஊருக்குப் போவாங்களா?"

"காரணம் தெரியாம வந்தது, சொல்லாம கொள்ளாம போயிடும்," என்றார் அவர்.

"போகட்டுமே. அதுவரைக்கும் நான் இருந்துட்டுப் போறேன்."

அம்மாள் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார். சனிக்கிழமை காலை விமானம். நான் நினைத்ததைவிட அது பெரிய விஷயம். நாற்பது வருடத்தில் அவர் தனியாக எங்கும் போனதில்லையாம். தெரிந்த ட்ராவல்ஸ்காரரிடம் சொல்லி, அதே விமானத்தில் சாருக்காக இன்னொரு இருக்கையை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை பிடித்துவைத்திருந்தார். புதன்கிழமை பேக்கரியில் என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு ஓரமாக அழைத்தார்.

"அவர் கூட வந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இந்தக் கேள்வியையும் பெட்டில வச்சுத் தூக்கிட்டு வருவாரு. அங்க எங்கக்கா முன்னாடி, நேத்து என்ன சாப்ட்டே, எத்தனை மணிக்குத் தூங்கினேன்னு ஆரம்பிச்சார்னா, அது எனக்கு வேணாம். அவர்கிட்டயே சொல்லிட்டேன். ஒரே ஒரு நல்லதையாவது ஏன்னு கேக்காம விடுங்க, அன்னிக்கே உங்க டிக்கெட்டை எடுக்கறேன்னு. வீட்ல பண்ணினா நடிப்பாரு. ஆபீஸ்ல பண்ணட்டும். நீ பாத்துச் சொல்லு."

"அம்மா, அவர் வேலையே கேள்வி கேக்கறதுதான்."

"தெரியும். அதனாலதான் அங்க சொல்றேன்."

இதில் நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சந்தேகப்படும்போதெல்லாம் எரிச்சல் வரும். ஆனால் அவர் சந்தேகப்படாத பொருள் ஒன்று எங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போனதும் இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் காரில் கால் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டிய முதல் ஆர்டரைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மாட்யூலைச் சூடான தட்டில் வைத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது முறை. தேறினால் இயந்திரம் மௌனமாக இருக்கும். தேறாவிட்டால் இரண்டு முறை கூவும். ஒவ்வொரு தட்டிலும் ஒன்றிரண்டாவது விழும், அது வழக்கம். பத்து மணிவாக்கில் மன்னார் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இண்டைக்கு ஒண்டும் கத்தேல்ல."

மதியமும் கத்தவில்லை. மூன்று மணிக்கு மேனேஜருக்குச் செய்தி போய், அவர் ஒரு பெட்டி டோனட்டோடு வந்தார். சாரைப் பார்த்ததும், இந்த நல்ல செய்தியை இவரிடம் யார் சொல்வது என்று என் காதில் கேட்டார். சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. சார் காலையிலிருந்தே அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் மேசையில் உட்காருவார், எழுவார், தண்ணீர் இயந்திரம் வரைக்கும் போவார், குடிக்காமல் திரும்புவார். பேனா மூடியைக் கழற்றி மாட்டும் சத்தம் எனக்கு இரண்டு மேசை தள்ளிக் கேட்டது.

நான்கு மணிக்கு வந்தார்.

"எத்தனை விழுந்துது?"

"ஒண்ணும் விழல சார்."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

வாய் திறந்தது. எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். அவர் அதைச் சொல்லாமல் மூடிக்கொண்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஐயா," என்றார் மன்னார் அண்ணன், டோனட் சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வந்தாலும் பிழை, வராட்டியும் பிழையெண்டால் நாங்கள் என்னதான் செய்யிறது?"

"வராட்டி பிழை இல்லப்பா. வராட்டி நிம்மதி."

"அப்ப இண்டைக்கு?"

சார் போய்விட்டார். நாலரைக்குத் திரும்பி வந்தார். சரக்கை விடுவிக்கும் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும், அவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று. தாளை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நின்றவாக்கிலேயே, குனிந்து, கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து வழக்கமாக நீளம். அன்று பாதியில் நின்றுவிட்டது.

"நான் ஏன்னு கேக்கல. நீங்கதான் சாட்சி," என்றார்.

"ஆமா சார்."

"உங்க கையெழுத்தைத் திங்கக்கிழமை போட்டாலும் போதும்ல? லாரி செவ்வாக்கிழமைதானே?"

"போதும் சார்."

தாளை என் பக்கம் தள்ளினார். ஒரு விரல் மட்டும் கொஞ்ச நேரம் அதன்மேல் இருந்தது. பிறகு, "நான் அந்தப் பக்கமா வரல. வந்தா நின்னுடுவேன்," என்று சொல்லிவிட்டு, சோதனை இயந்திரத்தைக் கடக்கவேண்டிய வழியை விட்டு ஸ்டோர் ரூம் வழியாகச் சுற்றிப் பார்க்கிங்குக்குப் போனார்.

நான் அம்மாளுக்கு போன் செய்தேன்.

"போட்டுட்டாரா? கேக்காமலா?"

"கேக்கலம்மா."

"மூஞ்சி எப்படி இருந்துது?"

"பல்லு பிடுங்கின மாதிரி இருந்துது."

அந்தச் சிரிப்பு போனைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கவேண்டிய அளவுக்கு இருந்தது. நடுவில் எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டிக்கெட் எடுத்தாயிற்று என்று செய்தி வந்தது; சாரின் சேர்ந்துபோன லீவுக்கு மேனேஜர் உடனே சரி என்றார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சார் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது, பாஸ்போர்ட் எங்கே வைத்தோமென்று தெரியவில்லை என்றார். அதைத் தேடுவதில் அன்றைய இரவு அவருக்குக் கழிந்திருக்கும் என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

எனக்குத்தான் கழியவில்லை. சனிக்கிழமை துணி துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியையே மறுபடி துவைக்கப் போனேன். அவர் பயப்பட்ட காலத்தில் நான் பயப்படத் தேவையில்லாமல் இருந்தது. பயப்படும் ஆள் ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தால் மற்றவர்கள் நிதானமாக இருக்கலாம். என் நிதானத்தைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் இதுதானோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய், சோதனைத் தட்டைச் சூடாக்கினேன். இயந்திரத்தின் திரையில் எங்களுக்கு வேண்டிய சூடு பளிச்சென்று தெரிந்தது. தனி வெப்பமானி ஒன்றை எடுத்து அதன் முனையைத் தட்டின்மேல் வைத்தேன். திரையில் இருந்த எண்ணில் பாதிகூட ஏறவில்லை. முந்தின வியாழக்கிழமை மாலைதான் அந்தத் தட்டுக்குப் புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி மாட்டியிருந்தோம். பழைய பெட்டி, தட்டில் உண்மையில் இருக்கும் சூட்டைக் காட்டும். புதியது, நாம் என்ன கேட்டோமோ அதையே நமக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க மாட்யூல்களை இளஞ்சூட்டில் உட்காரவைத்து, நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறோம். எல்லாம் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லியிருக்கின்றன.

நான் கையெழுத்துப் போடவில்லை. மேனேஜரிடம் சொன்னேன். அவர் நீளமாக மூச்சை விட்டு, செவ்வாய்க்கிழமை லாரியைப் புதன்கிழமைக்கு மாற்றினார். மன்னார் அண்ணனும் நானும் கட்டிய பெட்டிகளைப் பிரித்து, தட்டைச் சரியாகச் சூடாக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். முதல் கால் மணி நேரத்திலேயே இயந்திரம் கூவியது. அண்ணன் விழுந்ததை எடுத்துத் தனியே வைத்து, "இப்பதான் மனுசன் கதைக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார்.

மாலை ஐந்து மணிக்கு என் போன் அடித்தது. சென்னையில் அப்போது காலை நேரம்.

"கண்ணு, நேத்தே வந்து சேந்துட்டோம்," என்றார் அம்மாள். பின்னால் பாத்திரச் சத்தம், ஆட்டோ ஹாரன், இன்னொரு பெண் யாரையோ அதட்டும் குரல். "எங்கக்கா வந்ததும் வராததுமா நான் இளைச்சுட்டேன்னு ஒரு பாட்டம் திட்டித் தீத்துட்டா. நான் நல்லா இருக்கேன்னு சொன்னா நம்பமாட்டேங்கறா. இரு, உங்க சார்கிட்டக் குடுக்கறேன்."

போன் கை மாறியது.

"சொல்லுங்கம்மா," என்றார் அவர்.

"பயணம் நல்லா இருந்துதா சார்?"

"இருந்துது. சிங்கப்பூர்ல கொஞ்ச நேரம் தூங்கினேன்."

அப்போது எனக்குப் பின்னால் இயந்திரம் இரண்டு முறை கூவியது. போனை மூடிக்கொள்ள எனக்கு நேரமில்லை. மன்னார் அண்ணன் கையை அப்படியே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தச் சத்தத்தை உலகத்தில் எந்த மூலையில் கேட்டாலும் சாருக்குத் தெரியும்; அன்று சோதிக்க வேறு சரக்கு இல்லை என்பதும் தெரியும். சோதித்து முடித்துக் கட்டிவைத்த சரக்கை யாரோ பிரித்து மறுபடி சோதிக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அதில் விழுகிறது என்றும் அர்த்தம்.

மறுமுனையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குள் வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். தட்டு, பெட்டி, வெப்பமானி, புதன்கிழமை லாரி. சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. அவர் மூச்சு இழுப்பது கேட்டது. அந்த மூச்சுக்குப் பிறகு என்ன வரும் என்று எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"இங்க நல்ல வெயில்மா," என்றார். "இவ அக்காவோட புடவைக் கடைக்குக் கிளம்பறாளாம். நானும் போறேன். செருப்பைத் தேடிட்டிருக்கேன்."

"சரி சார். போய்ட்டு வாங்க."

"வச்சுடட்டுமா?"

"வச்சுடுங்க சார்."

வைத்துவிட்டார்.

"என்னவாம் ஐயா?" என்றார் மன்னார் அண்ணன்.

"புடவைக் கடைக்குப் போறாராம்."

அண்ணன் அடுத்த மாட்யூலை எடுத்துத் தட்டில் வைத்தார்.